சோடியம் தெளியும் வரை

கையைத் துடைத்துக்கொண்டேதான் பேசுகிறார். துண்டால் ஒருமுறை, பிறகு விரல் இடுக்குகளில் தனித்தனியாக இன்னொருமுறை. அணு உலையைக் குளிர்விக்கும் உருகிய சோடியத்தைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த அம்மாவின் வேலை. சோடியத்துக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். "வீட்லயும் இப்படித்தான். கழுவின பாத்திரத்துல ஒரு சொட்டு நின்னா தூக்கம் வராது."

ஆள் குள்ளம்; சிரிப்பு மட்டும் பக்கத்து அறைவரை போகும். சோடியத்தை 'இவன்' என்பார். "இவன் மேல காத்து பட்டா போச்சு. ஆக்சிஜனை வாரிச் சுருட்டிக்குவான்." அப்படிச் சேரும் அழுக்கைக் குளிரவைத்துப் பிடிக்க ஒரு தொட்டி உண்டு. அதற்கு இவர் வைத்த பெயர் மாமியார். "எல்லார் குத்தத்தையும் புடிச்சு உள்ள வெச்சுக்கும். சூடாச்சுன்னா மொத்தத்தையும் திருப்பிக் கொட்டிடும்." இதைத் தன் மாமியாரிடமே சொல்லியிருக்கிறார். அவர் ரசித்ததாகத் தகவல் இல்லை.

போன மாதம் ஒருநாள், பழுது பார்த்து மூடிய உலை கிளம்பக் காத்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பாளர் இவருடைய கணவர். அங்கே அவருக்கு அதுதான் கடைசி நாள். மறுநாள் முதல் பயிற்சிப் பிரிவில் மேசை வேலை. போவதற்குள் தன் கையால் உலையைக் கிளப்பிவிட வேண்டுமென்று மனிதர் தவியாய்த் தவித்தார்.

சுத்தமா என்று சோதிக்க, சோடியத்தை மெல்லக் குளிரவைத்துச் சிறு துளைகள் வழியே ஓடவிடுவார்கள். ஆறிய பாகில் சர்க்கரை படிவதுபோல் அழுக்கு படிந்து துளையை அடைக்கும். எவ்வளவு குறைந்த சூட்டில் அடைக்கிறதோ அவ்வளவு சுத்தம். அந்தச் சூடு நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் உலையைக் கிளப்பக் கூடாது. அன்று நூற்று முப்பதிலேயே அடைத்துக்கொண்டது.

போன் அடித்தது. கணவர்தான்.

"கொஞ்சம் வேகமா குளிர வெச்சுப் பாரேன். கம்மியா காட்டுமில்ல?"

"காட்டும். பொய்யா காட்டும். அழுக்கு படியறதுக்குள்ள சூடு இறங்கிடும். அதை நம்பி ஓட்டுவீங்களா?"

"வேணாம், நீ நிதானமாவே பாரு" என்று வைத்துவிட்டார். அவருடைய ஆசை இவருக்குத் தெரியாததா? ஆனாலும் குளிர்விக்கும் வேகத்தைக் கூட்டவில்லை. சோடியத்தை மறுபடி மாமியார் வழியே ஓடவிட்டார்.

ஷிப்ட் மாறியது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கணவர் நேரே இவருடைய ஆய்வகத்துக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா என்ன சொல்றாங்க?"

"வேலை செய்யறாங்க. அவசரப்படுத்தாதீங்க."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சோதனையில் துளை அடைத்தது நூற்றுப் பதினெட்டில்.

இந்த அம்மா கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். மறுமுனையில் குரல் கேட்டதும், ரிசீவரைக் கணவரின் காதில் வைத்து, "சுத்தம், கிளப்பலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று அழுத்திப் பிடித்துக்கொண்டார்.