மாடம்மாளின் காதுக்கு ஒரு நாய்

சாலை பஜாருக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் வண்டி திருப்ப இடமில்லை. கோடியில் வெங்காயக் கிடங்கு இருப்பதால் சரக்கு ஆட்டோக்கள் பின்பக்கமாகவே உள்ளே வரும். சந்தின் நடுவில், நேராகத் தெருவில் வாசல் திறக்கும் ஒற்றை அறை வீட்டில் மாடம்மாள் வாடகைக்கு இருந்தாள். கணவன் வன்னியராஜ் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அவள் வீட்டில் பிளவுஸ் தைத்தாள். மகள் சுமி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மாடம்மாளுக்குக் காது கேட்காது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சிறு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். மில் இரைச்சலில் பாதிக் காது போனது. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் மீதியும் போனது. காதுக் கருவி வைத்துப் பார்த்தாள். தலைக்குள் மறுபடி மில் ஓடுவதுபோல இருக்கவே கழற்றி வைத்துவிட்டாள். மில் ஹாலில் யாரும் சத்தத்தை நம்பிப் பேசுவதில்லை. கையும் உதடும்தான் பேச்சு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் நில். இரண்டு விரலை மடக்கி இழுத்தால் வா. அதனால் ஊரில் இருந்தவரை அவளுக்குப் பெரிய சிரமமில்லை. இங்கே உதடுகள் மலையாளத்தில் அசைந்தன.

வாசலில் குறுக்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஒருநாள் சுமி அதில் ஏறிச் சந்தில் இறங்கிவிட்டாள். ஆட்டோக்காரர் யூசுப் கடைசி நொடியில் பிரேக் போட்டார். அன்று இரவு வன்னியராஜ் சாப்பிடவில்லை.

"ஊருக்குப் போயிரு. அம்மா பிள்ளையப் பாத்துக்கிடுவா."

"நீங்க?"

"மாசத்துக்கு ஒருக்க வாரேன்."

"பெறகு அது ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ஆகும். நான் போகல."

கடைசியில் அவளுக்குப் பதிலாகச் சத்தம் கேட்க ஒரு நாய் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பஸ் ஏற்றிவிடுவேன் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு ஷிஜா ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். அதே வாரம் வன்னியராஜின் சித்தப்பா மகன் மகாராஜா, ஊரிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒரு ராஜபாளையம் குட்டியுடன் வந்தான். முழு வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அப்படி இருந்தால்தான் அசல் என்பார்கள் ஊரில். மகாராஜா ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது, இரண்டில் வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"எங்க மில் மொதலாளி வீட்டு வாசல்ல நின்ன சாதி இது," என்றான் வன்னியராஜ். "இது இருக்க, இந்தப் பஞ்சு உருண்டை எதுக்கு?"

"அண்ணா, நாய் உங்க ஊருப் பெருமைக்கா, அக்காவோட காதுக்கா?" என்றாள் ஷிஜா. "இதுக்கு ஒரு ஈ பறந்தா மதி, அது போதும், ஊரக் கூட்டிரும்."

அது உண்மைதான். காகம் உட்கார்ந்தால், பால்காரர் வந்தால், ஓலை விழுந்தால் பொமரேனியன் ஓடிவந்து மாடம்மாளின் காலைப் பிறாண்டியது. எழுந்து எழுந்து பார்த்து அவள் அலுத்துப்போனாள். வெள்ளைக் குட்டி எதற்கும் பதறவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார்ந்தது. விரலை மடக்கினால் வந்தது.

"கூட வேலை பாத்தவ மாதிரி மூஞ்சியவே பாக்குது. இதுதான் நமக்கு," என்றாள் கணவனிடம். அவனுக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். சுமி பின்னால் பாயில் தூங்கினாள். வெள்ளைக் குட்டி வாசல் பலகையை ஒட்டி, சந்துக்கு முதுகு காட்டிப் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொமரேனியன் வந்து மிதிகட்டையில் இருந்த காலைப் பிறாண்டியது. மாடம்மாள் நிமிர்ந்து வெள்ளையைப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்படியானால் ஒன்றுமில்லை. தையலைத் தொடர்ந்தாள்.

பொமரேனியன் வாசலுக்கு ஓடியது, திரும்பி வந்தது, சேலை முந்தானையைக் கவ்வி இழுத்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள். மறுபடி வந்து கணுக்காலில் கடித்தது. கோபத்தோடு கையை ஓங்கித் திரும்பியபோதுதான் பாயைப் பார்த்தாள். சுமி இல்லை.

ஊசி துணியிலேயே நின்றது. பலகையைத் தாண்டி இறங்கினாள். யூசுப்பின் ஆட்டோ மூட்டைகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் இடையே சுமி ஒரு வெங்காயச் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாடம்மாள் பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். ஆட்டோவின் பக்கப் பலகை அவள் தோளை உரசிக்கொண்டு போய் நின்றது. யூசுப் இறங்கிவந்து கத்தினார். அவர் உதட்டில் அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் ஆட்டோவின் பின்விளக்கைக் காட்டி, காதைக் காட்டி, பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று சத்தம் வருகிறதே என்று சைகை செய்தார்.

அப்போது அவள் வாசலைப் பார்த்தாள். வெள்ளைக் குட்டி இன்னும் சந்துக்கு முதுகு காட்டி, அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி இட்லிக் குண்டான் மூடியை எடுத்தாள். குட்டியின் பின்னால் நின்று மூடியைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். கையெல்லாம் அதிர்ந்தது. பொமரேனியன் கட்டிலுக்கு அடியில் ஓடியது. சுமி அழுதாள். வெள்ளைக் குட்டியின் காது நுனிகூட அசையவில்லை.

மாலையில் யூசுப் சொல்லி முடிக்கும் முன் அவளே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகாராஜாவும் இருந்தான்.

"அப்ப ஞாயித்துக்கெழம நீயும் கெளம்பு," என்றான் வன்னியராஜ்.

"அந்தப் பஞ்சு உருண்டை வந்து சொல்லிச்சு. திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. நான்தான் இந்த வெள்ளையப் பாத்து ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன். என் கண்ணுதான் தப்பு பண்ணுச்சு. காது சரியாத்தான் இருந்துச்சு." கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிப் பொமரேனியனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இனி இது கூப்பிட்டு நான் எந்திரிக்கலன்னா, நீங்க சொல்லவேண்டாம், நானே பஸ் ஏறுதேன்."

வன்னியராஜ் அவளுடைய கணுக்காலைப் பார்த்தான். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. எழுந்துபோய் மஞ்சளை எடுத்துவந்து அவனே தடவினான்.

மகாராஜா தலையைச் சொறிந்தான். "முழு வெள்ளையில இப்பிடி ஒண்ணு ரெண்டு வரும்னு கேட்டிருக்கேன் மதினி. பாக்காம வாங்கிட்டேன். குடுத்தவரு திருப்பி வாங்கமாட்டாரு. தெருவுலதான் விடணும்."

"நீ வச்சுக்கோ."

"நானா? ஒரு செவிட்ட வீட்டுல வச்சு…"

"முழுசாச் சொல்லு. உன் உதடு எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"உங்க மில் லைன் வீட்டுல எல்லாருக்கும் கைப்பேச்சு தெரியுமில்ல?" என்றாள் மாடம்மாள். "அங்க அதுக்கு ஒரு கொறையும் இருக்காது. இங்கதான் ஒரு வீட்டுக்கு எங்கள மாதிரி ரெண்டு பேரு தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மகாராஜா மட்டும் பஸ் ஏறினான். ஜன்னலோரம் மடியில் அட்டைப்பெட்டி. குட்டி தலையை நீட்டி அவளையே பார்த்தது. டிரைவர் ஹார்ன் அடித்திருக்க வேண்டும். நின்றவர்கள் எல்லாம் விலகினார்கள். குட்டி திரும்பவில்லை. மாடம்மாள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். அது பெட்டிக்குள் உட்கார்ந்தது.

மறுநாள் தைத்துக்கொண்டிருந்தபோது காலில் நகம் பட்டது. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பாயில் சுமி தூங்கிக்கொண்டிருந்தாள். பலகை இருந்த இடத்தில் இருந்தது. சந்தில் ஒரு காகம் மட்டும் வெங்காயச் சருகைக் கொத்திக்கொண்டிருந்தது. அவள் கோடிவரை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.