கதவுக்கு வெளியே மூன்று சுற்று

எங்கள் குழுவில் பாடகர் கிடையாது. பாட்டில்லாமலேதான் எங்கள் இசைத்தட்டுகள் விற்றன. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த வீட்டில் இறைச்சி வெந்தாலும் பக்கத்தில் வானொலியில் எங்கள் வயலின்கள் இழைந்துகொண்டிருக்கும். இசைத்தட்டின் மேல் மட்டும் நடத்துநர் ரெயின்ஸ்பி ஒருவர் பெயர்தான். அவர் முன்னால் நின்று கையை ஆட்டினார். வாசித்த நாங்கள் எல்லாரும் வெறும் 'குழுவினர்'.

அந்தக் குழுவினரில் ஒருத்தி மேவிஸ். வயலினுக்கு அக்கா மாதிரி சற்றுப் பெரிதான வயோலாவை வாசிப்பவள். அவளுக்குப் பின்வரிசையில் நான் செல்லோ வாசித்தேன். ஒரு ஒலிப்பதிவு நாளில் புல்லாங்குழல்காரர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி வந்து நின்றார். ரெயின்ஸ்பி தலையில் கை வைத்துக்கொண்டார். மேவிஸ் வயோலாவை மடியில் வைத்துவிட்டு, அவர் வாசிக்க வேண்டிய மெட்டை விசிலில் அடித்துக் காட்டினாள். தேநீர் ஆறுவதற்குள் பதிவு முடிந்தது. அடுத்த மாதம் பால்காரன் முதல் பாதிரியார் வரை ஊரே அதை விசிலடித்தது.

கேட்காதவர் ஒருவர்தான், அவளுடைய அப்பா வில்ஃப். மோர்கம் கடற்கரை நாடகக் கொட்டகையில் திரையும் கயிறும் அவர் பொறுப்பு. கொட்டகைக்குள் விசில் ஆகாது. அந்தக் காலத்தில் கயிறு இழுத்தவர்கள் கப்பல்காரர்கள். விசில்தான் அவர்களுக்குச் சைகை. தப்பாக ஒருவன் அடித்தால் மேலிருந்து ஆள் தலையில் திரை இறங்கும். அடித்துவிட்டால் வெளியே போய், மூன்று முறை சுற்றி, கதவைத் தட்டி, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். வில்ஃப் இந்தச் சட்டத்தை வீட்டிலும் வைத்திருந்தார். சின்ன வயதில் மேவிஸ் மழையில் சுற்றாத நாளில்லை. வானொலியில் அவள் விசில் வந்தால் மனுஷன் குமிழைத் திருகிவிடுவார்.

அந்தக் கோடையில் எங்கள் கச்சேரி மோர்கமில், அதே கொட்டகையில் அமைந்தது. சுவரொட்டியில் முதன்முதலாக மேவிஸ் பெயர். அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. அப்பா ஒரே ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் வில்ஃப் வந்து நின்றார்.

"என் மேடையில விசிலா? ஊருக்கு நீ யாரா வேணா இரு, மேவிஸ். எனக்குக் கீழ நாலு உசுரு வேலை பாக்குது."

"அப்ப திரையத் தூக்க மாட்டீங்களாப்பா?"

"தூக்குவேன். அது என் வேலை. கேக்கிறது என் வேலையில்ல."

அவள் முகம் சுருங்கியது. எனக்குக் கிழவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தால், அவர் தன் ஆட்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, ஒவ்வொரு கயிற்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு, மேடைக்கு மேலே கயிறு இழுக்கும் பரணில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

மேவிஸ் நீல கவுனில் முன்னால் வந்து நின்றாள். வயலின்களை மெல்லத் தணித்தோம். அவள் விசில் அரங்கின் கடைசி வரிசைவரை மிதந்து போனது. பின்னால் மாடி இருக்கைகளில் ஒருவர்கூட இருமவில்லை. முடிந்ததும் கைதட்டுவதற்குப் பதில் எங்கள் வழக்கப்படி வில்களால் இசைத்தாள் தாங்கிகளைத் தட்டினோம். மேலே நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

இடைவேளை விட்டதும் அவள் நேரே பின்கதவுக்குப் போனாள். பழக்கதோஷம் விடுமா? வெளியே கடற்காற்றில் கவுன் படபடக்க மூன்று முறை சுற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். காவலாளி பீர் குடிக்கப் போயிருந்தான். நான் திறக்க எழுந்தபோது, பரண் ஏணியிலிருந்து இறங்கி வந்த வில்ஃப் என்னைத் தாண்டிப் போய்த் திறந்தார்.

"உள்ள வரலாமாப்பா?"

"இரு."

வில்ஃப் வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, நிதானமாக மூன்று முறை சுற்றினார்.

"நீங்க எதுக்குப்பா சுத்துறீங்க?"

"மேல நின்னு நானும் கூடவே அடிச்சுட்டேன்" என்றார்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கதவைத் தட்டினார்கள்.