காலி ஊர்

மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் என் ஊரைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்ட அன்று நான் அழுத அழுகையில் அடையாறில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்ததாகச் சித்தி இன்றும் சொல்வாள். சித்தி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் நான் பயந்தது நிஜம்.

நாகரிகம் வளர்க்கும் விளையாட்டு அது. ஆரம்பத்தில் திரை முழுக்க இருட்டாக இருக்கும். நடுவில் மட்டும் ஒரு துண்டு நிலம், அதில் வண்டி கட்டிக்கொண்டு இடம் தேடி வந்த ஒரு குடும்பம். அவர்களை எங்காவது குடியமர்த்தினால் ஊர் உண்டாகும். ஒரு முறை நாம் நகர்த்த வேண்டும், அடுத்த முறை கம்ப்யூட்டர் நகர்த்தும். நான் ஆற்றோரமாக ஊரை வைத்து மயிலாப்பூர் என்று பெயர் கொடுப்பேன். எடுத்த எடுப்பில் பெரிய கோபுரம் ஒன்றை ஆரம்பித்துவிடுவேன். ஊர் என்றால் கோபுரம் வேண்டாமா? கையில் இருக்கும் ஒரே வீரனை, இருட்டுக்குள் என்னதான் இருக்கிறது பார் என்று அனுப்பிவிடுவேன். கோபுரம் பாதி எழும்புவதற்குள் ஸ்பீக்கரில் டம டம என்று முரசு கேட்கும். கரையில் சிவப்புக் கொடியோடு ஒரு படகு நிற்கும். இறங்கியவர்கள் சண்டைகூடப் போட மாட்டார்கள். திறந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி நடந்து வந்துவிடுவார்கள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. மாமா வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில், முகூர்த்தப் புடவை எடுக்கப் போக வேண்டியவள், மவுஸைப் பிடித்துக்கொண்டு உலகத்தை ஆண்டுகொண்டிருப்பாள்.

"கோபுரம் எங்கடீ ஓடிப்போறது? முதல்ல ஒருத்தனை ஊருக்குள்ள உக்காத்தி வை. அப்புறம் இன்னொருத்தனைப் பண்ணி ஊர் சுத்த அனுப்பு. காலியா இருக்கற ஊரைத்தான் அவா மோப்பம் பிடிச்சுண்டு வருவா."

ஒரு விசையைத் தட்டினால் வீரன் காவலுக்கு நின்றுவிடுவான் என்று காட்டியும் கொடுத்தாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. சும்மா நிற்கிறானே என்று அவனை எழுப்பி மறுபடியும் இருட்டுக்குள் அனுப்புவேன். மறுபடியும் முரசு கேட்கும்.

அந்த முரசு என்னோடு மயிலாப்பூருக்கும் வந்தது. நாங்கள் இருந்தது குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகை வீட்டில். வீட்டுக்காரர் காலமாகி, அவருடைய பிள்ளை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்ட வேண்டும் என்று நின்றான். கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் பயந்துபோய் முன்பே காலி செய்துவிட்டார்கள். பின் தெருவில் ஒரு குடும்பம் திருப்பதிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கதவில் அவர்கள் பூட்டு இல்லை, அந்த வீட்டுக்காரர் போட்ட வேறொரு பூட்டு. அம்மியும் கிரைண்டரும் நடுத்தெருவில் கிடந்தன. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாதம் இறங்கவில்லை.

அன்றைக்கு அப்பா சட்டம் போட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போகக் கூடாது. அதற்கப்புறம் அறுபத்துமூவர் உற்சவத்துக்கு நானும் அப்பாவும் போவோம். பீச்சுக்கு நானும் அப்பாவும் போவோம். அம்மா வாசல் வரைக்கும் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். நீயும் வருகிறாயா என்று அவளை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரப் பிள்ளையின் ஆள் வந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா பாப்பா, ஊட்ல யாரும் இல்லியா?"

என் காதுக்குள் டம டம என்றது. "அம்மா இருக்கா!" என்று மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி அம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். அவன் சிரித்துவிட்டு, "சும்மா கேட்டேன், பாப்பா" என்று போனான்.

சித்தியின் கல்யாணம் தி. நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மூத்த மாப்பிள்ளை வராவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அப்பா கட்டாயம் போக வேண்டியிருந்தது. கூடப் பிறந்த அக்கா வராவிட்டால் சித்தி என்ன நினைப்பாள் என்பதை ஏனோ யாரும் யோசிக்கவில்லை. அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ வைத்து அனுப்பினாள்.

ஊஞ்சல் முடிந்து சித்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். எதற்கோ திரும்பினேன். வாசல் வாழைமரத்தை ஒட்டி அம்மா நின்றுகொண்டிருந்தாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். தலை சரியாகத் துவட்டாமல் ஈரம் சொட்டியது. அம்மாவைப் பார்த்தால் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கோ முதலில் வீட்டு ஞாபகம்தான் வந்தது. வீட்டில் யார்? சந்து, கேட், பூட்டிய கதவு எல்லாம் கண் முன்னால் வந்தன.

அப்பாவும் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று போய்க் குரலைத் தாழ்த்தி, "ஆத்தைப் பூட்டிண்டா வந்தே?" என்றார்.

"தாலி கட்டறதை மட்டும் பாத்துட்டு ஓடிடறேன்னா."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார் அவசரமே இல்லாமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா எட்டிச் சித்தியை ஒரு தடவை பார்த்தாள். சித்தி தலை குனிந்திருந்தாள். அம்மா திரும்பி நடந்தாள். நானும் பின்னாலேயே வாசலுக்குப் போனேன்.

ஆட்டோவில் ஏறியவள் மூடியிருந்த கையைப் பிரித்து, தட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த அட்சதையை என் உள்ளங்கையில் வைத்தாள். வியர்வையில் மஞ்சள் கரைந்து பிசுபிசுத்தது.

"மேளம் கொட்டினதும் நீ போட்டுடு."

ஆட்டோ திரும்புவதற்குள் உள்ளே கெட்டிமேளம் கேட்டது. நான் ஓடிப்போய் எல்லோரோடும் சேர்ந்து அட்சதையை வீசினேன். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், இனி பயமில்லை என்று நிம்மதியாக இலையில் உட்கார்ந்து இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை மாமா வீட்டுக்குப் போனபோது சித்தி இல்லை. நான் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஊரை வைத்ததும் முதல் வேலையாக ஒரு வீரனை உள்ளே நிறுத்தி அந்த விசையைத் தட்டினேன். முரசு கேட்டது, படகும் வந்தது. இறங்கியவர்கள் ஊரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் தடவையாக என் கோபுரம் முழுதாக எழும்பியது. இருட்டு விலக விலக ஆறும் மலையும் சமுத்திரமும் தெரிந்தன.

ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் என் ஆட்கள் ஒவ்வொருவரையும் காட்டி, இவன் எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காவலுக்கு வைத்தவனைப் பற்றி மட்டும் அதற்கப்புறம் அது கேட்கவே இல்லை. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.