பெரியப்பாவுக்கு வேட்டு இல்லை

எங்கள் தெருவில் தீபாவளிக்கு வெடி போடக் கூடாது என்று வந்ததற்குப் பெரியப்பாதான் காரணம். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கழிவுத் துணியைச் சேர்த்து வைக்கும் குடோன் ஒன்று எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே இருந்தது. பெரியப்பா அதற்கு வாட்ச்மேன். ஒரு தீபாவளிக்கு யாரோ விட்ட ராக்கெட் உள்ளே விழுந்து பற்றிக்கொண்டது. அணைக்கப் போனவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. கட்டுப் பிரிக்கும் முன்னே வீடு வீடாய் ஏறி இறங்கினார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தார். கடைசியில் தெருமுனையில் போர்டே வைத்துவிட்டார்கள். குடியிருப்புப் பகுதியில் பட்டாசு கூடாது, வெடிக்கிறவர்கள் மைதானத்துக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வாசலில் வெடிக்காமல் மைதானத்தில் போய் வெடிப்பதும் ஒரு தீபாவளியா? கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால்கூட வாளித் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றுவிடுவார். கருமம், இவர் என் பெரியப்பா என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கும்.

நான் ஆறாவது படிக்கும்போது, ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மறுநாள் எங்கள் சொந்த ஊரான தென்காசிப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா, சாக்குப்பை நிறைய வேட்டு கொண்டுவந்து இறக்கினார். எங்கள் பக்கம் பெரிய சாவென்றால் வேட்டுச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செத்தவருக்கு நாதியில்லை என்று அர்த்தம்.

அப்பா அந்தப் பையைத் தூக்கித் திரும்பவும் வேனிலேயே வைத்தார்.

"என்ன மச்சான், எங்க அத்தானை அநாதைப் பொணமா தூக்கச் சொல்லுதீகளா?" என்று மாமா அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினார்.

"அண்ணன் நிறுத்துனத அண்ணன் சாவுலயே நான் ஆரம்பிக்க மாட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த நேரத்திலும் போர்டுக்குப் பயப்படுகிறாரே! பெரியப்பாமேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரேயொரு வேட்டாவது போட்டு அனுப்ப மாட்டார்களா என்று அழுதேன். அப்போது பக்கத்து நிட்டிங் கம்பெனி ஓனரம்மா வந்து, அப்பாவிடம், "நீங்க எடுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பாவைத் தூக்கியபோது தெருவே அடங்கிக் கிடந்தது. ராப்பகலாய் ஓடுகிற நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் இல்லை, தையல் மெஷின் சத்தமும் இல்லை. பெரியம்மாவின் அழுகைதான் கடைசி வீடு வரை கேட்டது. கம்பெனி ஆட்கள் வாசலுக்கு வந்து கும்பிட்டு நின்றார்கள். சரிதான், கரண்டும் போய்விட்டது, பட்ட காலிலேயே படும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வந்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது நானே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிப்மெண்ட் நேரத்தில் ஒரு மெஷின் நின்றால் போதும், மேலதிகாரிகள் தாம்தூமென்று குதிப்பார்கள். யார் வீட்டுச் சாவுக்கும் இங்கே மெஷினை நிறுத்திப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பெரியப்பா தெருமுனை திரும்பும் வரைக்கும் ஒரு வாட்ச்மேனுக்காக எங்கள் தெருவில் எல்லோரும் சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்கள். நான் அவருக்கு யாருமே ஒன்றும் செய்யவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.