கூடார வாசலில் ஒரு பெயரட்டை

போன வாரக் கடைசியில் நான் ஏரிக்கரைக் கூடாரத்தில் படுத்துக் கிடந்தேன். மழை ஒழுகாத அறை இருக்க, எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? மகேந்திரன் அண்ணையும் அதையேதான் கேட்டார்.

அண்ணையும் நானும் சுவிஸின் இன்டர்லாக்கன் ஊரில் ஒரே ஹோட்டல் சமையலறை. அவர் பாத்திரம் கழுவுகிறார், நான் மரக்கறி வெட்டுகிறேன். தங்குவதும் ஒரே அறையில். எங்களோடு வேலை செய்யும் சுவிஸ்காரர்கள் கோடை வந்தால் போதும் – கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

"உனக்கென்ன விசரோ? ஊரிலை பயந்து ஓடிக் காட்டுக்குள்ளை படுத்தது காணாதோ?" என்றார் அண்ணை.

உண்மையான காரணம் வேறு. அகதி மனுவுக்குத் தலைநகர் பேர்னிலிருந்து வரவேண்டிய முடிவுக்காக அவர் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். 'ஓம்' என்று வந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். 'இல்லை' என்றால்... அதை அவர் வாயால் சொல்வதே இல்லை. பதிவுத் தபால் வரும் நேரத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லாவிட்டால்? அந்தப் பயத்தில் மூன்று வருடமாக ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

"பிரியென்ஸ் ஏரி அண்ணை, சைக்கிளிலை அரை மணித்தியாலம். இந்தா கிடக்கு!" என்று நான் ஒரு வாரம் கெஞ்சினேன். ஒருவழியாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். கூடாரம் அடிக்கும் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, பதிவு மேசையில் இருந்தபடி பெயரைக் கேட்டார். அவ்வளவுதான். அண்ணை பைக்குள்ளிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்தார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வேலைக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள்... எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவிட்டு, ஏன் நாட்டை விட்டு வந்தேன் என்று ஆதியிலிருந்து தொடங்கிவிட்டார்!

பாவம், அந்தப் பெண்மணிக்குத் தெரிய வேண்டியிருந்தது எத்தனை கூடாரம் என்பது மட்டும்தான். ஆனாலும் சிரிக்காமல் முழுவதையும் கேட்டார். மேசைக்குப் பின்னால் யார் இருந்தாலும் நம் ஆட்களுக்கு அது விசாரணைதான், இல்லையா?

கூடாரம் அடித்து முடித்ததும் அண்ணை ஓர் அட்டையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் கட்டினார்.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"பெயர் இல்லாட்டி தபால்காரன் கடிதம் தரமாட்டான்."

"கூடாரத்துக்கு ஆர் கடிதம் போடப் போகினம்?"

"ஏன் போடாயினம்? விலாசம் மாறினா உடனை அறிவிக்க வேணும் எண்டு பேப்பரிலை கிடக்கு. திங்கக்கிழமையே கந்தோரிலை எழுதிக் குடுத்திட்டன்."

"ரெண்டு நாளைக்கோ?!"

"ரெண்டு நாளெண்டாலும் விலாசம் விலாசம்தான்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

சனி காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மரங்களுக்கு நடுவே தபால்காரரின் மஞ்சள் மொபெட் வந்தது. ஒவ்வொரு கூடாரமாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் வாசலில் நின்றது.

உறையில் அலுவலக முத்திரை. அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. என் சிரிப்பும் போன இடம் தெரியவில்லை. "நீ உடை தம்பி," என்று நீட்டினார். ரொட்டி மாவு ஒட்டிய கையோடு உடைத்தேன்.

பேர்ன் இல்லை. அண்ணை எழுதிக் கொடுத்த உள்ளூர்க் கந்தோர், நகரசபை அலுவலகம்! நாலே வரி. விலாச மாற்றம் பதிவாகிவிட்டது. திங்கட்கிழமை காலைவரை செல்லும். பிறகு பழைய விலாசம். அடியில் ஒரு முத்திரை. அதற்கும் அடியில், நீலப் பேனாவால், அந்த அலுவலர் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'உங்கள் விடுமுறை இனிதாக அமையட்டும்!'

ஜெர்மனில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அண்ணை நம்பவில்லை. "திரும்ப வாசி," என்றார். திரும்ப வாசித்தேன். மூன்று வருடத்தில் இந்த நாட்டு அலுவலகங்களிலிருந்து அவருக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. ஒன்றிலாவது இப்படி ஒரு வரி இருந்ததா? அவர் அதைப் பக்குவமாக மடித்து, ஃபைலில் கல்யாணப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரியில் குதித்தார். தண்ணீர் ஐஸ்! அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடாரக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

ஞாயிறு மாலை நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அண்ணை கையைப் பிடித்துத் தடுத்தார்.

"திங்கள் காலமை வரைக்கும் எங்கடை விலாசம் இதுதான் தம்பி. சட்டத்தை மீறலாமோ?"

ஓர் இரவுகூட வெளியே தங்கமாட்டேன் என்ற மனிதர், மூன்றாவது இரவும் தங்கினார் – குறட்டையோடு!