எட்டாம் நாள் குளிர்த்தி

அம்மைப்பால் குத்துகிற உத்தியோகத்தில் ஒரு சுகம் உண்டு: நாம் ஊருக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் ஓடி ஒளிந்துவிடும், வீதி துப்புரவாகிவிடும். கீறும் ஊசியோடு வாவிக்கரை ஊர்களில் என்னைப் போல அலைந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

கழுவிய கைகள்

மண்டூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். ஒரு காலை முழுக்கத் தொண்டை வற்றக் கெஞ்சி, ஊராரின் கைகளில் கீறிப் பால் வைத்தேன். எட்டாம் நாள் பார்க்கப் போனால், பால் பிடித்தால் எழும்பவேண்டிய கொப்புளம் ஒரு கையிலும் இல்லை. பழைய பாலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பட்டினத்து ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கைக்குழந்தையோடு நின்ற தங்கம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். முந்தின வருடம் மூத்த மகனை அம்மைக்குப் பறிகொடுத்தவள்.

"அம்மாள உடம்பில இறக்கிப்போட்டு குளிரப் பண்ணாம உடலாமா ஐயா? நீங்க படலையத் தாண்டின உடன எல்லாரும் மஞ்சத்தண்ணியால கழுவிட்டம்."

காக்காவின் குடம்

புதுப் பால் கொண்டுவரவேண்டும். சூடு பட்டால் அது கெட்டுவிடும். பெட்டியை ஈரச்சாக்கில் சுற்றி, காத்தான்குடி மீராலெப்பைக் காக்காவின் தோணியில் வைத்தேன். அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நடு வாவியில் சாக்கு காய்ந்துவிட்டது. வாவித் தண்ணீரோ வெந்நீர் மாதிரி. நோன்பு திறக்க வைத்திருந்த மண்குடத்தை எடுத்து, குளிர்ந்த தண்ணீர் முழுவதையும் காக்கா சாக்கின்மேல் ஊற்றினார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவருடைய உதடு வெடித்திருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

"நோன்பு எனக்குத்தானே ஐயா, மருந்துக்கு இல்லையே. அது குடிக்கட்டும்."

கப்புகனாரின் கட்டளை

கண்ணகி அம்மன் கோயில் பூசாரியைக் கப்புகனார் என்பார்கள். துரத்திவிடுவார் என்று பயந்துகொண்டே அவரிடம் போனேன். கொப்புளம் எழும்பி முற்ற எட்டு நாள் வேண்டும், அதற்குள் கழுவினால் எல்லாம் வீண் என்றேன். வைகாசியில் கோயில் கதவு திறந்து, சடங்கெல்லாம் முடிந்த பிறகுதானே குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கிறோம் என்று அவர் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு ஊரைக் கூட்டி, முதல் ஆளாகத் தன் கையை நீட்டினார்.

"கதவு திறந்த அண்டைக்கே குளிர்த்தி பாடுறதா? எட்டாம் நாள் நானே வேப்பிலையால தண்ணி தெளிப்பன். அதுவரைக்கும் ஒருத்தரும் கையில தண்ணி படவிடப்படாது."

தங்கம்மா வீட்டில்

அடுத்த மாதம் தங்கம்மாவின் புருஷன் திருகோணமலைத் துறைமுக வேலையிலிருந்து காய்ச்சலோடு வந்தான். எந்தத் தேசத்துக் கப்பல் கொண்டுவந்ததோ, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அம்மை. அதுவரை குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். அவனைத் தனிக் கொட்டிலில் வைத்தோம். நான் இரண்டு கிழமை தினமும் போய்க் குழந்தையின் உடம்பைத் தடவிப் பார்த்தேன். கையில் நான் வைத்த தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. புருஷனும் முகத்தில் வடுக்களோடு பிழைத்தான். தங்கம்மாவுக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

"மூத்தவனக் கொண்டு போகக்குள்ள அம்மாளுக்கு அவன ஆரெண்டு தெரியாது ஐயா. இவள உங்கட பாலோட வந்து முந்தியே கண்டுட்டா, அதான் தொடாமப் போயிட்டா."

அந்த ஊரில் பால் நன்றாகப் பிடித்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். யார் யார் பிடிக்கவைத்தார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.