சுமப்பானுக்குக் கோரைப்பல் முளைத்த கதை

ஆயுத பூஜைப் பூசணிக்காயில் அப்பா வரையும் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கரியால் உருட்டு விழி, குங்குமத்தால் நாக்கு, சுண்ணாம்பால் இரண்டு கோரைப்பல். ஓசூரில் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் அப்பா ஃபோர்மேன். வாசலில் உடைக்கிற காய்க்கு வருஷாவருஷம் அவர்தான் முகம் வரைவார். வரைந்துகொண்டே அந்த முகத்துக்காரனின் கதையையும் சொல்வார். அது எந்தப் புராணத்திலும் கிடையாது, முழுக்க அவரே கட்டியது.

அவன் பெயர் சுமப்பான். தேவர்கள் உலகத்தைச் செய்து முடித்தபோது அவரவர் மனசில் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் பயம், கொஞ்சம் பொய் மிஞ்சிவிட்டதாம். அதை வைத்துக்கொண்டு பூமிக்கு வர வெட்கம். வாசலில் சும்மா நின்றவனிடம் ஒவ்வொருவரும், “கொஞ்சம் பிடி, இதோ வந்துடறேன்” என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சுமந்து சுமந்து அவனுக்கு விழி பிதுங்கியது, பல் நீண்டது. பிறகு அதே தேவர்கள் அவனைப் பார்த்து, “ஐயோ, அரக்கன்!” என்று அலறினார்கள். “கெட்டதுன்னு தனியா ஒண்ணு பொறக்கலம்மா. நம்மளுதுதான் அடுத்தவன் கையில இருக்கு” என்று அப்பா முடிப்பார். இப்படி ஒரு அப்பா யாருக்கு உண்டு என்று எனக்குப் பெருமை தாங்காது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் ஆறாவது படித்த வருஷம். பூஜையன்று குடும்பத்தோடு கம்பெனிக்குப் போகலாம். அப்பா பெரிய ஸ்பேனருக்குப் பொட்டிட்டு, பிரஸ்ஸில் தகடு வெட்டும் அச்சின்மேல் வைத்து, பூவால் மூடினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். பொரி வாங்கிக்கொண்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அவசரச் சரக்குக்கு லாரி வந்து நின்றது. வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த காண்ட்ராக்ட் அண்ணன் ஒருவர் அந்த பிரஸ்ஸை ஓட்டுபவர். தீபாவளிக்குள் அவரை பர்மனென்ட் ஆக்குவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

“பூஜை போட்ட மெஷின் சார், இன்னிக்குத் தொட வேணாமே” என்றார் அவர்.

“அட, ஒரே ஒரு லோடுப்பா. ஓட்டு” என்றார் அப்பா.

மெஷினில் படைத்திருந்த பழத்தை எடுத்தார்கள். சாமிப் பூவை எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. பூவுக்கடியில் அப்பா வைத்த ஸ்பேனர் கிடந்தது. முதல் அடியிலேயே அச்சு பிளந்துபோனது.

மேனேஜர் ஓடி வந்து, யார் வேலை இது என்று கத்தினார். அப்பா கை நீட்டி, “இவன்தான் சார் மெஷின்ல நின்னான்” என்றார். அந்த வார்த்தையில் பொய்யே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அண்ணன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் நகர்ந்ததும் அப்பா அண்ணன் தோளைத் தொட்டு, “கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் பேசிச் சரி பண்ணிடறேன்” என்றார்.

பேசவேயில்லை. மறுநாளே அண்ணனை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு எனக்கு இரண்டு பாவாடை எடுத்தார் அப்பா. வெட்கமில்லாமல் இரண்டையும் உடுத்திக்கொண்டேன். சில வருஷம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அண்ணன் மாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். “சார் நல்லா இருக்காரா பாப்பா?” என்று கேட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பை நிறையப் போட்டார். வீட்டில் அப்பா ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. சுமப்பான் கதையை அவர் அதற்குப் பிறகு சொன்னதே கிடையாது.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். போன ஆயுத பூஜைக்கு என் காருக்காக வாசலில் உட்கார்ந்து பூசணிக்காயில் முகம் வரைந்தார். என் மகள் குனிந்து, “இவன் என்ன தாத்தா தப்புப் பண்ணான்?” என்று கேட்டாள்.

கோரைப்பல்லைப் பாதியில் நிறுத்திவிட்டார். “ஒண்ணும் பண்ணலம்மா” என்றார். பிறகு மெல்ல எழுந்து காயை என் கையில் கொடுத்தார்.

“கொஞ்சம் பிடிம்மா, இதோ வந்துடறேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கற்பூரம் ஏற்றியாயிற்று, மகள் அவசரப்படுத்தினாள். சுண்ணாம்பு ஈரம் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கதவு திறக்கும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.